அம்மாவின் கார்டு வயது

எண்பதுகளின் தொடக்கத்தில் என் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. எனக்கு முப்பத்தொன்று, பண்டார் பாரு பக்கம் ஒரு எஸ்டேட் பள்ளியில் ஆசிரியை. மாற்றுச் சிறுநீரகம் தர, அண்ணனின் ரத்தம் எனக்குச் சேரவில்லை. அம்மாவுடையது சேர்ந்தது. "என்கிட்ட ரெண்டு இருக்குலா, ஒண்ண எடுத்துக்கட்டும்" என்று என்னோடு கோலாலம்பூருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அறுபது தாண்டியவர்களிடம் எடுப்பதில்லை என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். அம்மாவின் அடையாளக் கார்டில் ஐம்பத்திரண்டு. உண்மையில் அறுபத்திரண்டு. கார்டு எடுத்த காலத்தில் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, வரிசையில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்தே வயதை எழுதினாராம். அம்மாவுக்குப் பத்து குறைந்துவிட்டது. எங்கள் லயத்து வீடுகளில் பாதிப் பேருக்கு இப்படித்தான். ஐம்பத்தைந்தானால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்பதால் யாரும் திருத்தப் போகவில்லை.

நானும் வாயைத் திறக்கவில்லை. உயிர்மேல் ஆசை, வேறென்ன.

டாக்டர் சீனர். அவர் ஆங்கிலத்தில் கேட்பதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். பிரசவத்தில் ஏதாவது சிக்கல் இருந்ததா என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. ஜப்பான்காரன் வந்தப்போ ஒங்கண்ணன் நடந்துகிட்டு இருந்தான். அவனத் தூக்கிக்கிட்டு ரப்பர் காட்டுக்குள்ள ஓடுனேன்" என்றாள் அம்மா பெருமையாக. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கார்டுப்படி பார்த்தால் ஒன்பது வயதில் பிள்ளை பெற்றவளாகிறாள். என் முழங்கையைக் கிள்ளினாள். "அதச் சொல்லாத."

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார். சிக்கல் இல்லை என்று நான் இரண்டே வார்த்தையில் முடித்திருக்கலாம். அம்மா ஆபரேஷனில் செத்துப்போனால், அவள் சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சோறு தின்பேன் என்ற பயம் பிடித்துக்கொண்டது. "அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது" என்றேன்.

"பெத்தவளையே காட்டிக்குடுத்துட்டியே! இன்னிக்கும் முந்நூறு ரப்பர் மரம் சீவுறேன், நான் கெழவியா?" வெளியே வந்து கத்தினாள்.

டாக்டர் ஒரேயடியாக மறுத்துவிடவில்லை. அம்மாவின் இதயம், ரத்த அழுத்தம், சிறுநீரகம் எல்லாவற்றையும் புதிதாகச் சோதித்தார். மூன்று வாரம் நகத்தைக் கடித்துக்கொண்டு கிடந்தோம். "செய்யலாம். ஆனால் மிச்சமிருக்கும் ஒன்றை வைத்துத்தான் அவர் வாழ வேண்டும். வருடந்தோறும் இங்கே வந்து காட்ட வேண்டும். வயதான சிறுநீரகம் உங்களுக்குள் மெதுவாகத்தான் வேலையைத் தொடங்கலாம், தொடங்காமலும் போகலாம்" என்றார். ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் சொன்னேன்.

"எடுக்கச் சொல்லு" என்றாள்.

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், அம்மாவைச் சக்கர நாற்காலியில் என் அறைக்குத் தள்ளி வந்தார்கள். என் முகத்தைக்கூடப் பார்க்காமல், தையலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தாள். பை காலி.

"கெழட்டுச் சாமானக் குடுத்துட்டேனா?"

"இப்பதாம்மா நர்ஸ் மிஸ்ஸி கொட்டிட்டுப் போனாங்க. நெறஞ்சிருச்சுலா."

நம்பிவிட்டாள். சிரிக்கப்போய், தையல் வலித்து முனகினாள். அவளைக் கொண்டுபோனதும் போர்வையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

நான்காம் நாள் காலையில் குழாய்க்குள் மஞ்சளாக ஏதோ இறங்கியது. நான் போட்ட சத்தத்தில் மிஸ்ஸி ஓடிவந்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்டவரிடம், "எங்கம்மாவக் கூட்டிட்டு வாங்க" என்று திரும்பத் திரும்பக் கத்தினேன்.