பெங்களூரில் சின்னக் கோயிலடி

கிளெமென்ற்றுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் மூன்றாம் மாடியில் மனைவி ராசமலரோடும் மகள் கரோலினாவோடும் இருக்கிறார். இருபத்தாறு வருடமாக ஒஸ்லோவில் ஆற்றோரத்துச் சின்னப் பியர் ஆலை ஒன்றில், பியர் நொதிக்கும் உருக்குத் தாங்கிகளைக் கழுவும் வேலை. பியர் காய்ச்சுகிறவர்களுக்குத் தாடி இருக்கிறது, பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்கிறார்கள். தாங்கி கழுவுகிறவருக்கு இரண்டும் இல்லை. ஆனால் எந்தத் தாங்கியில் பியர் பழுதாகப் போகிறது என்று தெரியவேண்டுமென்றால் அந்தத் தாடிக்காரர்கள் இவரைத்தான் கூப்பிடுவார்கள். மூடியைத் திறந்து ஒருதரம் மணந்து பார்ப்பார். சொன்னால் சொன்னதுதான்.

நோர்வேயில் பியருக்கு விளம்பரம் செய்யக்கூடாது. எங்கள் பியர் நல்லது என்று கிளெமென்ற் ஒருமுறை முகநூலில் ஒரே ஒரு வரி எழுதியதற்கு மேலாளர் படியேறி ஓடிவந்து அழிக்கச் சொன்னார். கிளெமென்ற் அழித்தார். வாயையும் மூடிக்கொண்டார்.

2023இல் அவருடைய ஆலை மூன்று பழைய தாங்கிகளைப் பெங்களூரில் ஒரு கிராப்ட் பியர் கடைக்கு விற்றது. பொருத்திப் பூட்டிக் கொடுக்க கிளெமென்ற்றை ஒன்றரை மாதத்துக்கு அனுப்பினார்கள். பகலில் தாங்கி பூட்டினார், பின்னேரத்தில் ஊரில் இருந்த மற்றப் பியர் கடைகளைச் சோதித்தார். திரும்பி வந்ததும், பெங்களூர்ப் பியரைப் புகழ்வதற்கு நோர்வேச் சட்டம் குறுக்கே நிற்காது என்று தானாகவே முடிவுசெய்து, ஒஸ்லோத் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வரும் ஆண்களுக்கு வட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினார்:

"பெங்களூரில் பியர் குடிக்க விரும்புவோர் கவனத்துக்கு. பெரிய கோயிலடி: வெளிச்சமும் பாட்டும் அதிகம், பியர் சுமார். கோதுமைப் பியர் தவிர வேறொன்றையும் தொடவேண்டாம். சின்னக் கோயிலடி: தாங்கி மூன்று, நானே பூட்டினது. புளிப்புப் பியர் கேட்டு வாங்கவும். விமான நிலையம்: வேண்டாம்."

கடைகளின் பெயர்கள் நீளமான ஆங்கிலம். அவருக்கு எழுத வரவில்லை. கத்தோலிக்கர் எந்த நாட்டில் இறங்கினாலும் முதலில் கோயிலைப் பார்த்துத்தானே திசை பிடிப்பார்கள். ஒரு கடைக்கு எதிரே பெரிய தேவாலயம், மற்றதற்குப் பக்கத்தில் சின்னத் தேவாலயம். அவருக்கு அது போதும். ஆனால் பட்டியல் எப்படியோ ஒரு தமிழ்நாட்டுப் பொறியியலாளரின் கைக்கும் போய்விட்டது. அந்தப் பிள்ளை பெங்களூரில் ஒரு பெருமாள் கோயிலை மூன்றுதரம் சுற்றிவிட்டு அங்கிருந்தே போன் பண்ணினார். "சார், இங்க பீரே இல்ல சார். சுண்டல்தான் குடுக்குறாங்க."

வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் எல்லாரும் இப்போது பெங்களூர் வழியாகப் போனார்கள். "கோயிலடிக்குப் போறம்" என்றால் மனைவிமார் தடுக்கமாட்டார்கள். ஒரு வருடத்துக்குள் ஒஸ்லோவிலும் பக்கத்து லோறென்ஸ்கூக்கிலும் ஆண்களுக்குக் கோயிலடி என்றால் பியர்தான்.

கிளெமென்ற்றுக்கு மட்டும் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் ஊர் ஞாபகம் வரும்.

யாழ்ப்பாணத்தை அடுத்த அவருடைய தீவில் ஒரே மாதாவுக்கு இரண்டு கோயில்கள். இரண்டுக்கும் இடையில் நடந்தால் பத்து நிமிடம். கடவுள் ஒருவர்தான் என்று போதிக்கிற மதத்தில் கட்டடம் மட்டும் ஏன் இரண்டு என்று கேட்டால் பதில் சொல்லக் குருவானவருக்கும் வெட்கம். பெரிய கோயில் காணி வைத்திருந்தவர்களுக்கு. சின்னக் கோயில் அவர்களுக்குக் கள்ளுச் சீவிக் கொடுத்தவர்களுக்கு. கள்ளு மட்டும் எல்லை பார்க்காமல் பெரிய கோயிலடிக்குள் போய்வந்தது. படித்த மனிதர் சாதியைப் பெயர் சொல்லிக் கேட்கமாட்டார்கள். "நீங்கள் எந்தக் கோயிலடி?" என்று கேட்பார்கள். மூன்று சொல். அதில் ஒரு மனிதனை எடைபோட்டு, எந்தக் கதிரையில் இருத்துவது என்று முடிவெடுத்துவிடுவார்கள். கடலைத் தாண்டிப் பனிக்குள் வந்தபிறகும் அந்தக் கேள்வி சளியைப்போலக் கூடவே வந்திருந்தது.

நோர்வேக்கு வந்த முப்பத்தொரு வருடமாகக் கிளெமென்ற் அதற்கு அகப்படவில்லை. ஊர் எது என்றால் "யாழ்ப்பாணம்". யாழ்ப்பாணத்தில் எவ்விடம் என்றால் "ரவுண் பக்கம்" என்று நகரத்தைக் காட்டுவார். அதற்கு மேலும் கேட்டால் பஸ் வந்துவிட்டதென்று ஓடுவார்.

இந்த வருடம் ஓட இடமில்லாமல் போனது. கரோலினாவும் லோறென்ஸ்கூக் ஞானரட்ணத்தின் மகன் ஜெனிஸ்ரனும் கலியாணம் செய்வதென்று முடிவெடுத்துவிட்டார்கள். ஞானரட்ணம் பக்கத்துத் தீவுக்காரர், தேவாலயப் பங்குச் சபையில் இருப்பவர், இரண்டு கோயில் கதை உட்பட எல்லாம் தெரிந்தவர். கலியாணக் கார்ட்டில் பெற்றோரின் ஊர் போடவேண்டும். "யாழ்ப்பாணம் எண்டு போட்டால் போதும் அண்ணை" என்று கிளெமென்ற் நாலு முறை சொல்லியிருந்தார். மகளின் கலியாணம் அந்தக் கேள்வி எழும்பாமல் முடிந்துவிட வேண்டும். அவருடைய பிரார்த்தனை அவ்வளவுதான்.

சேலை எடுக்கவும் கார்ட் அடிக்கவும் ஞானரட்ணமும் மனைவி யோசெப்பினும் பெங்களூருக்குப் போனார்கள். மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை, ராசமலர் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"கிளெமென்ற், ஞானரட்ணம் கதைக்கிறன். கார்ட் அடிக்கிற கடையிலை நிக்கிறம்."

"ஓம் அண்ணை, சொல்லுங்கோ."

"ஒரு விசயம் கேக்கவேணும். யோசெப்பின் பக்கத்திலை நிக்கிறா. உங்களுக்கு விளங்கும்தானே."

கிளெமென்ற்றுக்கு விளங்கியது. அவருக்கு விளங்கியது வேறு.

"கேளுங்கோ."

"எந்தக் கோயிலடி? பெரியதோ, சின்னதோ?"

ராசமலர் தோசையைத் திருப்ப மறந்தார். கிளெமென்ற் யன்னலால் வெளியே பார்த்தார். எந்தப் பஸ்ஸும் வரவில்லை.

"சின்னக் கோயிலடி" என்றார்.

"நிச்சயமோ?"

"நிச்சயம். இனி என்ன ஒளிப்பு அண்ணை? என்ரை அப்பா கள்ளுச் சீவினவர்."



"கள்ளோ?" ஞானரட்ணத்தின் குரல் இரகசியமாக இறங்கியது. "அங்கை கள்ளும் விக்கிறாங்களோ?"

தோசை கருகியது. கேட்டது ஊரை அல்ல, பியரை என்பது கிளெமென்ற்றுக்கு இப்போதுதான் உறைத்தது. ராசமலர் இரண்டு கையாலும் சைகை காட்டினார்: ஓம் எண்டு சொல்லிப்போட்டு வையுங்கோ. ஒரு சொல்லோடு தப்பியிருக்கலாம். கிளெமென்ற் வாயைத் திறந்தார்.

"அண்ணை, நான் பெங்களூரைச் சொல்லேல்லை. ஊரைச் சொன்னனான்."



"பிறகு கதைப்பம்" என்றார் ஞானரட்ணம். தொடர்பு அறுந்தது.

ஐந்து நிமிடம் கழித்து ஒரு செய்தி வந்தது. "அப்ப பெங்களூரில் எது?"

கிளெமென்ற் எழுதினார்: "அதுவும் சின்னதுதான்."

நடந்ததைக் கேட்ட கரோலினா முதலில் சிரித்தாள். பிறகுதான் தகப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

"ஹெறகுட், கடவுளே, அப்பா! மரத்திலை ஏறுறதும் வேலைதானே. இஞ்சை கூரையிலை ஏறிப் புகைக்கூடு துடைக்கிறவரை ஆரும் தள்ளி வைக்கிறாங்களோ? அவை வேண்டாம் எண்டாலும் நாங்கள் கட்டுவம்."

"நீங்கள் கட்டுவியள் பிள்ளை. மண்டபத்திலை முன்வரிசையிலை இருக்கப்போறது நான்."

பத்து நாள் ஒரு சத்தமும் இல்லை. பதினோராம் நாள் ஞானரட்ணம் ஹொல்ம்லியாவுக்கு வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு கார்ட் பெட்டி, அதன்மேல் ஒரு ஸ்ரிக்கர் சுருள்.

"ஒரு பிழை நடந்துபோச்சு" என்றார் செருப்பைக் கழற்றியபடி. "எனக்குக் காது குறைவு, போனை எப்பவும் சத்தமாய்த்தான் போடுறது. யோசெப்பின் கேட்டுக்கொண்டு நிண்டவ. கொழும்பிலை வளர்ந்தவ, பாவம், அது ஊர்ப் பெயராக்கும் எண்டு கடைக்காரனிட்டைச் சொல்லிப்போட்டா."

கிளெமென்ற் ஒரு கார்ட்டை எடுத்தார். பொன் எழுத்தில் அவர் பெயர். அதன் கீழே, சின்னக் கோயிலடி, யாழ்ப்பாணம்.

"பயப்பிடாதையுங்கோ. ஸ்ரிக்கர் அடிச்சுக்கொண்டு வந்திருக்கிறன். யாழ்ப்பாணம் எண்டு மட்டும். மேலாலை ஒட்டினால் ஒருத்தருக்கும் தெரியாது. உங்கடை நன்மைக்குத்தான்."

"உங்கடை ஊருக்கு மேலையும் ஒண்டு ஒட்டுவமோ?"

"எனக்கு ஏன்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

ஞானரட்ணம் பெட்டியைப் பார்த்தார். கிளெமென்ற் வேறு விடயத்துக்குப் போனார்.

"பெங்களூரிலை போனனீங்களோ?"

"போனனான்."

"எப்படி?"

"திறம். அந்தப் புளிப்புப் பியர்... அடுத்த நாளும் போனனான்." சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டார். யோசெப்பின் காரில் இருந்தார்.

"சின்னக் கோயிலடியிலை ரெண்டு நாள் குடிக்கலாம். கார்ட்டிலை மட்டும் போடக்கூடாதோ அண்ணை?"

 பங்குச் சபையில் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவர் ஞானரட்ணம். "ஆக்கள் கேட்பினம்" என்றார்.

"கேக்கட்டும்." கிளெமென்ற் ஸ்ரிக்கர் ஒன்றை உரித்து விரலால் தடவிப் பார்த்தார். "இருபத்தாறு வருசம் போத்தில் லேபிளோடை இருந்தனான். இந்தப் பசை ஈரத்துக்கு நிக்காது."

கார்ட்டுகள் அப்படியே தபாலில் போயின.

நாலாம் நாள் முதல் அழைப்பு. ஸ்ட்ரோம்மனில் இருக்கும் ஒருவர். கிளெமென்ற் கதிரையில் இருந்துகொண்டு போனை எடுத்தார்.

"கார்ட் கிடைச்சது. சின்னக் கோயிலடி எண்டு கிடக்கு."

"ஓம்."

"அப்ப மண்டபத்திலை இருக்கோ?"

"என்ன இருக்கோ?"

"மனிசி நிக்கிறா, விளக்க ஏலாது. கோயிலடி இருக்கோ இல்லையோ?"

அன்றைக்கு மட்டும் இன்னும் பதினொரு பேர் அதையே கேட்டார்கள். பெண்வீட்டார் எவ்வளவு நாசூக்காகக் கார்ட்டில் போட்டிருக்கிறார்கள் என்று இரண்டுபேர் பாராட்டினார்கள். மூன்று குடும்பங்கள் வரமுடியாது என்று அறிவித்தன. மூன்று வீட்டிலும் காய்ச்சலாம், கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்க. அந்த மூன்று வீட்டாருக்கும் சொல்லின் பழைய பொருள் ஞாபகம் இருந்திருக்கிறது. கிளெமென்ற் அவர்களுடைய பெயர்களை இருக்கைப் பட்டியலில் வெட்டினார். 

திங்கட்கிழமை ஆலையில் ஐந்தாம் இலக்கத் தாங்கியை மணந்து பார்த்தார். பிறகு தாடிக்காரனிடம், இந்தப் புளிப்புப் பியர் முழுக்க மகளின் கலியாணத்துக்கு வேண்டும் என்றார். அவன் சந்தோசமாகத் தலையாட்டினான். கிளெமென்ற் சோக்கட்டி எடுத்துத் தாங்கியில் தமிழில் இரண்டு சொல் எழுதினார்.

"பியருக்குப் பெயரா?" என்று தாடிக்காரன் நோர்வே மொழியில் கேட்டான்.

"இல்லை" என்றார் கிளெமென்ற். "என் ஊர்."