வாசல் வளைவில் அப்பாவின் பெயர்

ஒரு சிறுமியின் சாவுக்கு நானும் காரணம்.

போருக்குப் பின் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் கட்டியெழுப்ப, கனடாவின் மொன்றியலில் வாழும் பழைய மாணவர்கள் நாங்கள் முன்வந்தோம். நான்தான் சங்கத் தலைவர்.

"ஐயா, முதல்லை பொம்பிளைப் பிள்ளையளுக்கு மலசலகூடம் வேணும். பற்றைக்குள்ளைதான் போகினம்," என்று பள்ளி அதிபர் தொலைபேசியில் கெஞ்சினார்.

"அது பேந்து பாப்பம் ரீச்சர். அப்பாவின்ரை பேரிலை வாசல் வளைவு எழும்பட்டும்," என்றேன்.

கட்டி முடிந்த வளைவின் படங்களை, மொன்றியலுக்கு அருகே லவாலில் ஒரு மண்டபத்தில் காட்டிக் கைதட்டல் வாங்கினேன். அடுத்த மாதம், பற்றைப் புதருக்குள் ஒதுங்கிய ஒன்பது வயது மாணவி மிதிவெடியில் இறந்தாள்.

மலசலகூடத்தை உடனே கட்டுவித்தேன். அதில் அவள் பெயரைப் பொறிக்கட்டுமா என்று அவள் தாயிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"உங்கடை அப்பாவுக்கு வளைவு, என்ரை பிள்ளைக்குக் கக்கூசோ ஐயா?"

தொலைபேசியை வைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்க அழைத்த எனக்கு, அப்போதும் பெயர்ப்பலகைதான் தோன்றியிருக்கிறது.