உபயம்: எட்டு டெரா

பசுமலையில் எங்கள் பள்ளிக்கூடத்து டியூப் லைட்டில், உபயதாரர் பெயர் எழுதியது போக மிச்ச இடத்தில்தான் வெளிச்சம் வரும். ஃபேனின் மூன்று இறக்கையிலும் பெயர் உண்டு. கரண்ட் போனால்தான் படிக்கலாம். அந்தப் பள்ளிக்கூட ஆபீசில் பதினோரு வருஷமாக எனக்குப் பக்கத்து மேஜைக்காரி ஹெப்சிபா.

நூறு வருஷத்துச் சேர்க்கைப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து சர்வரில் ஏற்றியவள் அவள்தான். ஒரிஜினலைக் கரையான் தின்று ஏப்பம் விட்டாயிற்று. சர்வர் படுத்தால் அவளுடைய பதினோரு வருஷமும் அம்போ. பேக்கப் கேட்டு அவள் கொடுத்த கடிதங்களை அடுக்கினால் இன்னொரு பதிவேடு தேறும்.

பேக்கப்புக்கு எதை வாங்கலாம் என்று மூன்று மாதம் அலசினாள். "டேப் கேசட் மலிவுதான் மேரிக்கா. ஆனா அத ஓட்டுற மெஷினு விலைக்கு ஆட்டோ வாங்கிரலாம். எஸ்.எஸ்.டி. டிஸ்க்கு வேகம், எனக்கு எதுக்கு வேகம்? நான் வீட்டுக்குப் போன பெறகு அது பாட்டுக்கு மெதுவா காப்பி பண்ணட்டும். எட்டு டெராவுல சாதா டிஸ்க் ரெண்டு, மாட்ட ஒரு பெட்டி. ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்."

தாளாளர் ஐயா வழக்கம்போல, "உபயதாரரப் பாரும்மா" என்றார்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, தன் டி.சி. நகல் வாங்க வந்தார் திருமங்கலத்து உரக்கடை அழகுராஜா. பழைய மாணவர். ஹெப்சிபா கேட்டதும் சரி என்றார். ஒரே ஒரு சந்தேகம் அவருக்கு.

"பேரு எங்கன வரும்?"

"அண்ணே, அத வேற கட்டடத்துல பூட்டி வைக்கணும்ணே. அப்பத்தான் பத்திரம்."

"பூட்டி வைக்கவா இம்புட்டுச் செலவு பண்றேன்? நாலு பேரு பாக்க வேணாமா தாயி?"

நியாயம்தானே! பெட்டியைவிடப் பெரிய பித்தளைத் தகடு வந்தது. வாசல் ஹாலில், கோப்பைகள் நிற்கும் கண்ணாடி அலமாரிக்குள் பெட்டியை வைத்து, சீரியல் பல்பு சுற்றி, ரிப்பன் வெட்டினார்கள். ஒயர் போக ஓட்டை போடக் கூடாதாம். அலமாரி இன்னொருவர் உபயம்.

மறுநாளே ஹெப்சிபா டிஸ்க் இரண்டையும் உருவி, ஒரு பழைய கம்ப்யூட்டரில் மாட்டி, பின்கட்டடத்தில் காய்ச்சல் பிள்ளைகள் படுக்கும் சிக் ரூம் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். சர்வரிலிருந்து அங்கே ஒயர் இழுத்தாள். மழை மூட்டம் போட்டால் ஓடிப்போய்ப் பிடுங்கிவிடுவாள். வாசலில் காலிப் பெட்டி ஜெகஜோதியாக நின்றது. எனக்கு மட்டும் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் இடி விழுந்து சர்வர் கருகியது. தாளாளர் நேரே அலமாரிக்கு ஓடினார். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. மனுஷனுக்கு வேர்த்துவிட்டது. ஹெப்சிபா அவரை சிக் ரூமுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஒரு பக்கம்கூடக் குறையவில்லை. சத்தியமாக எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை அசெம்பிளியில், பள்ளியின் வரலாற்றைக் காப்பாற்றியதற்காக அழகுராஜாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஹெப்சிபாவுக்கும் ஒன்று கிடைத்தது: மெமோ. உபயப் பொருளை அனுமதியில்லாமல் பிரித்து இடம் மாற்றியதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டுமாம்.

"நல்லதுக்குக் காலமே இல்லடி! என்னத்த வெளக்கம் எழுதப் போற?" என்றேன்.

அவள் மெமோவை ஸ்கேனரில் கவிழ்த்து மூடினாள்.

"மொதல்ல இது ரெண்டு டிஸ்க்லயும் ஏறட்டும் மேரிக்கா. நூறு வருசங்கழிச்சு எவளாச்சும் படிக்கட்டும்."