துபாயில் நனைந்த புடவை

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஆவணி மாதத்தில், துபாய் விமான நிலையத்தில் நடந்தது இது. கனடாவில் இருக்கும் என் மகளுக்குத் தலைப்பிரசவம். ஆரணியில் எங்கள் பட்டுப்புடவைக் கடையைக் கணவர் பொறுப்பில் விட்டுவிட்டு நான் மட்டும் கிளம்பினேன். சென்னையில் ஏறி துபாயில் இறங்கி, சில மணி நேரம் காத்திருந்து அடுத்த விமானம் பிடிக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்புக்காக பெங்களூரில் இருக்கும் என் மகன் லவுஞ்சுக்கு ஏற்பாடு செய்திருந்தான். அவனிடம் இருக்கும் ஏதோ ஒரு கார்டின் புண்ணியம். உள்ளே போனால் சோபாக்களும் பழங்களும் பத்து வகை சாப்பாடும். ஓசியில் கிடைத்தால் எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்கிற மாதிரி, கோட்டு சூட்டு போட்டவர்களே தட்டை நிரப்பிக்கொண்டு போனார்கள். நானும் ஒன்றும் சளைத்தவள் இல்லை. வாசல் மேசையில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, குளிக்கவும் அறை இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டாள். விமானம் ஏற வந்த இடத்தில் எவளாவது குளிப்பாளா என்று நினைத்து, வேண்டாம் என்று தலையாட்டினேன்.

என் கைப்பையில் ஒரு பட்டுப்புடவை இருந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் என் அக்கா தேவிகாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என் மகளுக்கென்று கொடுத்துவிட்டுப் போனது. மாம்பழ நிறம், பச்சைக் கரை. எங்கள் கடையில் எடுக்காமல் பக்கத்துத் தெருவில் வேறு கடையில் எடுத்திருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. உன் கடையில் எடுத்தால் அது நீ கொடுத்ததாக ஆகிவிடும், என் பெண்ணுக்கு நான் கொடுக்க வேண்டாமா என்றாள். நான் சும்மா இருக்காமல், ஜரிகை கொஞ்சம் மட்டம் என்று வேறு சொல்லி வைத்தேன். வியாபாரம் செய்கிறவள் வாய் அப்படித்தான். அவள் சிரித்தாள். பெட்டியில் போட்டால் கசங்கும், கையிலேயே கொண்டு போ என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த விமானத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது கணவர் வாட்ஸப்பில் கூப்பிட்டார். அக்கா போய்விட்டாள். விடிகாலையில் நெஞ்சு வலி என்றாளாம், ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டதாம். எதிரே ஒருவர் தர்பூசணியை முள்கரண்டியால் குத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வருகிறேன் என்றேன். கணவர் விடவில்லை.

"சாயந்திரமே எடுக்கறாங்க. நீ வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். பொண்ணு அங்க ஒண்டியா கீறா. தலைக்கு ஊத்திகினு அப்படியே போயிடு. கோடி நம்ம கடையிலேர்ந்து நான் எடுத்துகினு போறேன்."

எங்களுக்கு உடன்பிறந்த ஆண் இல்லை. அப்பா அம்மாவும் போய்விட்டார்கள். பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை கொண்டுபோய் அக்கா மேல் போர்த்த வேண்டியவள் நான் ஒருத்திதான். அதுவும் என் கை விட்டுப் போனது. அக்கா வேறு குடும்பத்துக்கு வாழப் போனவள் என்பதால், எங்கள் வழக்கப்படி தலை முழுகினால் எனக்குத் தீட்டு போய்விடும். முழுகாமல் பிள்ளை பெறப்போகிற பெண்ணின் வீட்டுப் படி ஏற எனக்கு மனம் வராது. கனடா போய் முழுகலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே மகள் வாசலிலேயே காத்திருப்பாள். பிரசவம் ஆகும்வரை அவளுக்கு எதுவும் தெரியக் கூடாது என்று கணவரும் நானும் போனிலேயே பேசி முடிவு செய்துவிட்டோம்.

வாசல் மேசைப் பெண்ணிடம் திரும்பப் போனேன். அறைகளில் எல்லாம் ஆள் இருந்தார்கள். எனக்கு முன்னால் கோட்டு போட்ட ஒரு பெண் தன் முறைக்குக் காத்திருந்தாள். எந்த நாட்டுக்காரி என்று தெரியவில்லை. முப்பது வயது இருக்கலாம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், சிஸ்டர், டெத், பாத் என்றேன். மேசைப் பெண் விழித்தாள். கோட்டு போட்டவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு அறை காலியாகித் தன் கைக்கு வந்த சாவியை என் கையில் வைத்தாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு அடியில் நின்றேன். கட்டிய புடவையோடு. சாவுக்குளியல் அப்படித்தான், யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. ஆரணியில் கட்டின துணியோடு ஊற்றிக்கொண்டு ஒரு குரல் கொடுத்தால், யாராவது மாற்றுப் புடவையைக் கதவு மேல் போடுவார்கள். நானும் முழுகி முடித்துவிட்டுக் கதவுப் பக்கம் கையை நீட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. மாற்றுத் துணியெல்லாம் பெட்டியோடு விமானத்துக்குப் போய்விட்டது. துபாயில் எவள் எனக்குப் புடவை போடுவாள்?

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. கதவு தட்டப்பட்டது. அந்தக் கோட்டுக்காரிதான். அவள் முறையை வாங்கிக்கொண்டு நான் வெளியே வராமல் இருந்தால் தட்ட மாட்டாளா? திட்டப் போகிறாள் என்று நினைத்துத் திறந்தேன். சொட்டச் சொட்ட நின்றவளை மேலும் கீழும் பார்த்தாள். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

பெரிய துண்டு ஒன்றை என் மேல் சுற்றிவிட்டு, நான் அவிழ்த்த புடவையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மறு முனையை நான் பிடித்தேன். அவள் ஒரு பக்கம் முறுக்க, நான் எதிர்ப்பக்கம் முறுக்க, தண்ணீர் கொட்டியது. புடவையை ஆயுளில் தொட்டிருக்க மாட்டாள், ஆனால் பிழியத் தெரிந்திருந்தது. அப்புறம் சுவரில் இருந்த ஹேர் டிரையரை எடுத்து என் ஜாக்கெட்டையும் பாவாடையையும் காய வைத்தாள். பாதி ஈரத்தோடு போட்டுக்கொண்டேன். கட்டிக்கொள்ள இருந்தது ஒன்றே ஒன்றுதான். கைப்பையைத் திறந்து அக்காவின் புடவையை எடுத்தேன்.

அக்கா செத்த அன்று மாம்பழ நிறத்தில் புத்தம் புதுப் பட்டு கட்டிக்கொண்டு நின்றவள் நான். ஊரில் யாராவது பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பார்கள். அந்தப் பெண் மட்டும் அழகாக இருக்கிறது என்பதுபோல் கரையைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தவள் பதறிப்போய், ஈரப்புடவையை ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து, என் கையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறும் கேட்டுக்கு வேகவேகமாக நடந்தாள். விமானம் கிளம்புகிறது என்று லவுஞ்சில் யாரும் கூவிக் கூப்பிட மாட்டார்கள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். நான்தான் கடைசி ஆள். விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான் இன்னொன்றும் தோன்றியது. அவள் குளிக்கவே இல்லை.

மகள் வாசலில்தான் நின்றிருந்தாள், நிறைவயிற்றோடு.

"இன்னாம்மா, கல்யாணத்துக்கு வர்ற மாதிரி பட்டு கட்டிகினு வந்துகீற?"

பெரியம்மா கொடுத்தது, உனக்குத்தான், ஆசைக்கு நான் கட்டிப் பார்த்தேன் என்றேன். முந்தானையை விரித்துப் பார்த்துவிட்டு, இப்பவே பெரியம்மாவுக்கு போன் போட வேண்டும் என்று கிளம்பினாள்.

"வேணாம்மா. அங்க தூங்கிகினு இருப்பாங்க."

சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். குழாயைத் திறந்துவிட்டு அப்போதுதான் அழுதேன். கொஞ்ச நேரத்தில் வெளியே மகளின் குரல் கேட்டது. மாற்றுப் புடவை எடுத்து வந்திருக்கிறாளாம், கதவைக் கொஞ்சம் திறந்து கையை நீட்டச் சொன்னாள்.

பேத்தி பிறந்து, மகள் தேறிய பிறகு விஷயத்தைச் சொன்னேன். புடவை இப்போது அவளிடம்தான் இருக்கிறது. ஜரிகை ஒன்றும் மட்டமில்லை. துபாயில் என் புடவையைப் பிழிந்த பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஊர் திரும்பியதிலிருந்து, கடைக்கு யாராவது கோடிப் புடவை கேட்டு வந்தால் வேலையாட்களை விடாமல் நானே எழுந்து போய் எடுத்து, பிரித்துப் பார்த்துக் கொடுக்கிறேன். என் கையால் அக்காவுக்குப் போர்த்த முடியாமல் போனதை, இப்படித்தான் போர்த்திக்கொண்டிருக்கிறேன்.