பசறை கொமினிகேஷனின் மூன்று கொப்பிகள்

நானூற்றுப் பன்னிரண்டு பேருடைய கடவுச்சொற்கள் மேனுஷாவிடம் இருந்தன. மூன்று சீ.ஆர். கொப்பிகள், கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டுகள்; ஆளுக்கு ஒரு வரி. பெயர், போன் நம்பர், ஈமெயில் முகவரி, கடைசிக் கட்டத்தில் கடவுச்சொல்.

பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே எட்டடி அகலத்தில் இருக்கிறது அவளுடைய கொமினிகேஷன். போட்டோ கொப்பி, டைப்பிங், கடவுச்சீட்டு விண்ணப்பம், வெளிநாட்டு வேலைக்குப் பதிவு, பிள்ளையின் பரீட்சை முடிவு பார்ப்பது எல்லாம் அங்கேதான். சுற்றியிருக்கும் தேயிலைத் தோட்டங்களில் ஒருவருக்கு ஈமெயிலோ ஃபேஸ்புக்கோ வேண்டுமென்றால் பஸ் ஏறி அவளிடம்தான் வருவார்கள். ஏழு வருடத்துக்கு முன்பு ஒருவர் ஒரே மாதத்தில் மூன்று முறை கடவுச்சொல்லை மறந்துவிட்டு வந்து நின்றார். நான்காம் முறை, "நீங்களே எழுதி வச்சிருங்க டீச்சர், என்கிட்ட இருந்தா தொலைஞ்சிரும்" என்றார். அவள் டீச்சர் இல்லை. கணினி தெரிந்தவளை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தோட்டத்துக்குத் தெரியவில்லை. அன்றைக்குத் தொடங்கியதுதான் முதல் கொப்பி.

மேனுஷா ஆட்களை எளிதில் நம்புகிறவள் அல்ல. ஐயாயிரம் ரூபாய் நோட்டு வந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். பரிசு விழுந்திருப்பதாக வந்த குறுஞ்செய்தியை யாராவது பல்லெல்லாம் தெரியக் காட்டினால், "டிக்கெட்டே எடுக்காத ஆளுக்கு எந்த மடையன் பரிசு தர்றான்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவாள். வங்கியிலிருந்து பேசுகிறோம், இப்போது வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று போன் வந்தால் வைத்துவிடும்படி அவள் சொல்லாத வாடிக்கையாளர் இல்லை. ஆனால் அவளுடைய சந்தேகம் எப்போதும் கடைக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

போன மாசியில் அது உள்ளே திரும்பியது.

பக்கத்துத் தோட்டத்தின் கீழ் டிவிசன் முன்பள்ளி ஆசிரியை மதுஷாவின் ஃபேஸ்புக்கை யாரோ எடுத்துக்கொண்டார்கள். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் அவளுடைய சித்திக்கு, மதுஷா எழுதுவதுபோலவே ஒரு செய்தி போயிருக்கிறது: அப்பாவைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், அவசரம், இந்த நம்பருக்குப் பணம் போடுங்கள். சித்தி போட்டுவிட்டாள். அப்பா அந்த நேரம் வீட்டில் கோழிக்கூண்டுக்குக் கம்பி அடித்துக்கொண்டிருந்தார். அடுத்த பத்து நாளில் இன்னும் இரண்டு பேருக்கு இதேபோல் நடந்தது. மூன்று கணக்குகளும் மேனுஷா திறந்து கொடுத்தவை. மூன்றும் கொப்பியில் இருந்தவை.

பொலிசில் முறைப்பாடு எழுதினார்கள். பணம் போன நம்பர் அனுராதபுரத்தில் ஒரு கிழவியின் அடையாள அட்டையில் இருந்தது. தன் பெயரில் அப்படியொரு சிம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. கொழும்புக்கு அனுப்பியிருக்கிறோம், பார்ப்போம் என்றார்கள்.

தோட்டம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சனிக்கிழமை காலை தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் இராமையா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குள் வந்தார். வழக்கமாக ஸ்டூலில் உட்காருகிறவர் அன்று நின்றார்.

"நான் உன்னைய சொல்லல புள்ள. ஆனா ஆளுங்க பேசுறாங்க."

"என்னா பேசுறாங்க?"

"கொப்பி எங்க இருக்குதோ அங்கதானே களவும் இருக்கும்னு பேசுறாங்க. இங்க வேற யாரு வந்து போறா?"

கடையின் பாதியை ஒரு பிளைவுட் பலகை பிரித்திருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் ஷிபான் போன் திருத்துகிறான். முப்பது வயது, பதுளையிலிருந்து தினமும் வருகிறவன்; 'இருந்துச்சு' என்பது அவன் வாயில் 'ஈந்துச்சு' ஆகும். பலகையின் மேல்பகுதி திறந்தே இருக்கும். இந்தப் பக்கத்துக் கத்தரிக்கோலை அவன் எட்டி எடுப்பான். அந்தப் பக்கத்துச் சார்ஜரை இவள் எட்டி எடுப்பாள். கொப்பிகள் இருந்த தட்டும் அந்த எட்டுகிற தூரத்தில்தான்.

மேனுஷா ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். கேட்பவர் தலைவர், போவது அவளுடைய கடை. "பலகைக்கு அந்தாண்ட யாரு இருக்கான்னு நீங்களே பாருங்க தலைவரே" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை மாலை பஸ்ஸிலேயே தோட்டத்துக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை ஷிபானிடம் திருத்தக் கொடுத்திருந்த போன்களைத் திருத்தாமலே திருப்பி வாங்கிப் போனார்கள். புதன்கிழமை அவன் மேசையில் ஒரு போனும் இல்லை. அவன் ஸ்க்ரூடிரைவர்களை அளவு வாரியாக அடுக்கினான். பிறகு கலைத்துப்போட்டுத் திரும்பவும் அடுக்கினான்.

மேனுஷாவுக்கு உறுத்தியது. உறுத்தல் சந்தேகத்தைக் கரைக்கவில்லை. அவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் உறுத்தவும் வேண்டியதில்லையே என்று ஒரு பொறி வைத்தாள். இல்லாத ஒரு பெண்ணின் பெயரில் கணக்கொன்று திறந்தாள். அதற்குத் தலையும் வாலும் இல்லாத ஒரு கடவுச்சொல்லைப் போட்டு, மூன்றாவது கொப்பியின் கடைசி வரியில் எழுதினாள். அந்தக் கணக்கில் யார் கை வைத்தாலும் தகவல் தன் போனுக்கு வரும்படி செய்தாள். கொப்பியைப் பலகை ஓரமாகவே வைத்தாள், விரித்தபடி. சாப்பிடப் போகும்போது வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் கூடுதலாகத் தங்கினாள்.

ஐந்து நாள் போனது. பொறியில் ஒன்றும் விழவில்லை.

ஆறாம் நாள் கட்டாரிலிருந்து அவளுடைய தம்பி நிஷாந்த் போன் போட்டான். சிரிப்பா பயமா என்று தெரியாத குரல்.

"அக்கா, அம்மா பக்கத்துல இருக்கா?"

"அடுப்படியில இருக்கு. என்னடா?"

"அம்மா எனக்கு ஃபேஸ்புக்ல மெசேஜ் போட்டிருக்கு. 'அன்பு மகனே, சுகமா, அவசரமாகப் பணம் தேவை'ன்னு."

மேனுஷா அடுப்படியைப் பார்த்தாள். அம்மா கருப்பம்மா முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவள். கையெழுத்துக்கு இன்றைக்கும் பெருவிரல்தான். மகன் போடும் படங்களைப் பார்ப்பதற்கென்று ஒரு ஃபேஸ்புக் வைத்திருக்கிறாள்; அதையும் மேனுஷாவே திறந்து கையில் கொடுக்க வேண்டும்.

"அன்பு மகனேயா?" என்றாள்.

"அதானே! என்னைய பொறந்ததுலயிருந்து 'ஏன்டா எரும'ன்னுதானே கூப்புடுது. திடீர்னு பாசம் வந்ததும் எனக்கு டவுட்டு வந்திருச்சு."

"காசு போட்டியா?"

"நான் என்ன உன்னைய மாதிரி படிச்ச ஆளா ஏமாற? அதான் முதல்ல எடுத்துக் கேக்குறேன்."

கருப்பம்மா உள்ளேயிருந்து, "யாரு, அந்த எருமையா? தின்னானான்னு கேளு" என்றாள்.

தம்பி வைத்த பிறகும் மேனுஷா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அம்மாவின் கணக்கை அவள் வீட்டில் வைத்துத் திறந்திருந்தாள். அது எந்தக் கொப்பியிலும் இல்லை. எழுதி வைக்கத் தேவை இருக்கவில்லை. கடவுச்சொல் அவளுக்கு மனப்பாடம். எல்லாருக்கும் போடுவதுபோலத்தான் அம்மாவுக்கும் போட்டிருந்தாள்: ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்து, பின்னால் பிறந்த ஆண்டு.

எல்லாருக்கும் போடுவதுபோல.

அன்று மத்தியானம் முன்பள்ளி விட்டதும் மதுஷாவைக் கடைக்கு வரச் சொன்னாள். "உன்னோட பாஸ்வேர்ட யாருக்காவது சொன்னியா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"சொல்ல என்னாக்கா இருக்கு? எங்க லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே. பேரு, வருசம். எங்க மாமா அவரோடத மறந்தா நாங்களே சொல்லிக் குடுப்போம்." அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "உங்க கடையில போட்டா அப்படித்தான் வரும்னு எல்லாருக்கும் தெரியுமேக்கா."

எல்லாருக்கும் தெரியும். ஒருவர் வாழ்த்துச் சொல்லிப் போடும் பிறந்தநாள் படத்திலேயே ஆண்டு இருக்கிறது. கணக்குக்குள் நுழையத் தேவையான போன் நம்பர் டிவிசன் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. களவெடுக்க யாரும் கொப்பியைத் தொட வேண்டியதே இல்லை. தன்னுடையதைத் தெரிந்த ஒருவன், அடுத்தவனுடையதும் இப்படித்தானே இருக்கும் என்று ஒரு தடவை போட்டுப் பார்த்தால் போதும். அப்படிப் போட்டுப் பார்க்கக்கூடியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களிடம் கேட்டுத் தெரிந்தவர்களைச் சேர்த்தால் எத்தனை பேரோ.

அவள் பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஷிபான் அவளைப் பார்க்காமலே பேசினான்.

"கேட்டுட்டுத்தான் இருந்தேன்க்கா. பலகை மெலிசு."

"ஷிபான், நான்..."

"தலைவர்கிட்ட நீங்க சொன்னத தலைவரே எனக்கிட்ட வந்து சொன்னாரு. அண்டைக்கே. நீங்க கொப்பிய தொறந்து வச்சிட்டு சாப்பிடப் போனதும் வெளங்கிச்சு. எலிக்கு கருவாடு வச்ச மாதிரி ஈந்துச்சு."

"மன்னிச்சிரு தம்பி."

"எனக்கிட்ட மன்னிப்புக் கேட்டா போன் வருமா?" இப்போதுதான் திரும்பினான். கோபம் இருந்தது, கத்தவில்லை. "என்னைப் பத்தி எங்க பேச்சு போச்சோ அங்க போய்ச் சொல்லுங்க. என் பேரைச் சொல்லிச் சொல்லுங்க. இல்லாட்டி இந்த மாசத்தோட நான் பதுளையிலயே கடை பார்த்துக்கிறேன்."

போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஏழு வருடம் டீச்சர் என்று கூப்பிட்டவர்கள், நீதான் காரணமா என்று கேட்பார்கள். கடை பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். சொல்லாவிட்டால் கடை பிழைக்கும், ஷிபான் போவான், களவு நிற்காது.

வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்கு அவள் தோட்டத்தின் பெரட்டுக் களத்தில் நின்றாள். வேலைக்குப் போகுமுன் பேர் கொடுக்க எல்லாரும் கூடும் இடம். கூடைகளோடு நூற்றைம்பது பேருக்கு மேல் நின்றார்கள். பனி முழங்கால் அளவில் படர்ந்திருந்தது. இராமையா கங்காணியிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

"களவெடுத்தது யாருன்னு எனக்குத் தெரியாது" என்றாள் மேனுஷா. "ஆனா போன் கடை ஷிபான் இல்ல. அவன் பக்கம் கையக் காட்டுனது நான். அது பொய். என்னோட கொப்பியிலயிருந்தும் போகல. உங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி பாஸ்வேர்ட் போட்டு வச்சதும் நான்தான். நாலெழுத்து, ஒரு வருசம். இங்க நிக்கிற யாரும் இங்க நிக்கிற யாரோடதையும் தொறக்கலாம்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல்: "அப்ப கள்ளன் இங்கயேதான் நிக்கிறானா?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. மேனுஷா அந்த முகங்களைப் பார்த்தாள். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள், ஒரே சுவரின் இரண்டு பக்கமும் படுத்து எழும்புகிறவர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் சட்டைப் பையிலிருந்த போனை உள்பைக்கு மாற்றினார்.

"இங்க நிக்கலாம், நிக்காமலும் இருக்கலாம்" என்றாள் அவள். "கண்டுபிடிக்கிறது பொலிசோட வேலை. பூட்ட மாத்துறது நம்ம வேலை. கடைக்கு வாங்க. புதுசா நீங்களே போடுங்க. எனக்கும் காட்டாதீங்க, பொஞ்சாதிக்கும் காட்டாதீங்க."

"எழுதத் தெரியாதவங்க?" என்று கேட்டார் ஒருவர்.

"இலக்கம் தெரியும்ல? கொழுந்து நிறுக்கிற எடத்துல உங்க கிலோவை யாராவது குறைச்சா ஒரு மைல் தூரத்துக்குச் சத்தம் போடுவீங்களே. இலக்கத்துலயே நீளமா போடலாம். அதோட, புது போன்ல யாராவது தொறந்தா உங்க போனுக்கு ஒரு கோட் வர்ற மாதிரி செஞ்சு தாறேன். அந்த கோட்ட நான் கேட்டாலும் சொல்லக் கூடாது. அப்புறம், வெளிநாட்டுல இருக்கிற ஒங்க ஆளுங்ககிட்ட சொல்லி வைங்க: காசு கேட்டு எழுத்து வந்தா, குரலக் கேக்காம அனுப்ப வேணாம்னு."

"உன்னைய எப்படி நம்புறது டீச்சர்?" கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டே ஒருத்தி கேட்டாள்.

"நம்பாதீங்க" என்றாள் மேனுஷா. "அதான் சொல்ல வந்தேன்."

கங்காணி விசில் ஊதினார். பத்து நிமிடம் முடிந்திருந்தது.

முதல் வாரம் ஒன்பது பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவர் இராமையா. மேனுஷா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்ள, அவர் கீபோர்டின் மேல் கவிழ்ந்து ஒற்றை விரலால் குத்தினார். நடுவில் இரண்டு முறை தலையைத் தூக்கி, "திரும்பலையே?" என்று கேட்டார். முடிந்ததும் அவருடைய வரியை அவள் கொப்பியிலிருந்து கத்தரித்துக் கையில் கொடுத்தாள். அவர் அதை அங்கேயே நாலாகக் கிழித்து, துண்டுகளைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு போனார். கதவு வரை போனவர் திரும்பி வந்து, உடைந்த திரையோடு இருந்த தன் போனைப் பலகைக்கு மேலாக ஷிபானிடம் நீட்டினார்.

"எவ்வளவு ஆகும் தம்பி?"

"நம்பிக்கை ஈந்தா போன் லொக்க எடுத்துட்டுத் தாங்க மாமா. இல்லாட்டி எடுக்காமலே தாங்க."

இராமையா யோசித்தார். பிறகு பூட்டை எடுக்காமலே கொடுத்தார். திருத்தி முடியும்வரை ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஷிபானின் கையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

சித்திரை முடியும்போது நூற்று நாற்பத்தாறு பேர் மாற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு தோட்டத்தில் யாருடைய கணக்கும் களவு போகவில்லை. கள்ளன் யாரென்று பொலிசார் இன்னும் சொல்லவில்லை. வந்து மாற்றிக்கொண்டு போனவர்களில் அவனும் ஒருவனாக இருக்கலாம். மேனுஷா ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்கிறாள், பிறகு சுவர்ப் பக்கம் திரும்புகிறாள்.

இன்னும் மாற்றாத மேல் டிவிசன் ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. வருகிற ஞாயிறு அவர்களுக்காகக் கடை காலை ஏழு மணிக்குத் திறக்கும்.