பூட்டிய வீட்டுக்குள் போய்வரும் ரயில்

பித்தளையில் சின்ன ரயில் செய்கிறவனிடம் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. செத்துப்போன ஒருவரின் சாமான் ஏதாவது ஒன்று பையில் இருக்கும்.

இந்த வகை ரயிலுக்கு ஸ்டீம்பங்க் என்று பெயர். டீசலும் மின்சாரமும் வராமல், நீராவியே இன்றுவரை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருந்தால் இயந்திரங்கள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துச் செய்வது. வெளியே தெரிகிற பல்லுச் சில்லுகள், சுற்றி வளைந்து ஓடும் செப்புக் குழாய்கள், எதையும் அளக்காத அழுத்தமானிகள். உள்ளே இருப்பது ஒரு மோட்டரும் பற்றரியும்தான். உண்மையான ரயிலைச் சின்னதாகச் செய்தால் பிழை பிடிக்க ஆள் வரும். உலகத்தில் இல்லாத ரயிலில் பிழை பிடிக்க முடியாது. எப்போதும் இன்னும் ஒன்றை ஒட்டலாம். அதுதான் இதன் மயக்கம்.

நான் முன்பு வட்டுக்கோட்டையில் மணிக்கூடும் பெற்றோல்மக்ஸும் திருத்தினவன். எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆட்களோடு கதைக்கக் கூச்சம். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, மத்தியானச் சோறு ஆறிப்போனது தெரியாமல் குந்தியிருக்கிற நோய் உங்களுக்கும் இருப்பதால்தான் இதை வாசிக்கிறீர்கள். ஆகையால் உங்களிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஐயாவின் மூச்சு

கொழும்புத்துறையிலிருந்து படகுச் சொந்தக்காரர் ஒருவர் வந்தார். பையில் தகப்பனாரின் பெற்றோல்மக்ஸ் லாம்பு. கண்ணாடி இல்லை, காற்றடிக்கும் பம்ப் மட்டும் நல்லாக இருந்தது. அதை என்ஜினில் வைக்க வேண்டும் என்றார். நான் பம்பைக் குறுக்கி, தோல் வாசரை மாற்றி, சில்லு ஒரு தரம் சுற்ற அது ஒரு தரம் காற்றை இழுத்து விடும்படி பூட்டினேன்.

எடுக்க வந்த அன்று மேசையில் ஓட விட்டேன். அவர் முகத்தில் சிரிப்பு வரும் என்று பார்த்தேன், வரவில்லை. குனிந்து காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "உது லாம்பின்ரை சத்தமில்லை அண்ணை. கடைசிக் கிழமை ஐயா உப்பிடித்தான் மூச்சு விட்டவர். நீங்கள் கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ, நான் தனிய இருந்து கேக்கப் போறன்."

பிடிக்காத மாதிரி

இனிச் சொல்லப்போவது எல்லாம் பண்டத்தரிப்பில் ஒரே வீட்டில் நடந்தவை. அந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். ஊர் அவரைச் சேவையர் என்றே சொல்லும். தகப்பன் வழி வந்த முதுச வீடு அவருக்கும் அவருடைய தம்பியாருக்கும் பாதி பாதி. நடு அறையில் சுவர் எழுப்பிப் பிரித்திருந்தார்கள். பிரித்தாலும் இரண்டு பேருக்கும் ரயில் பைத்தியம் ஒன்றுதான். சுவரின் அடியில் ஒரு சாண் அகலத்தில் ஓட்டை போட்டு, தண்டவாளத்தை இந்த அறையிலிருந்து அந்த அறைக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு வட்டம் சுற்றித் திரும்பி வரும்படி போட்டிருந்தார்கள்.

சேவையருக்கு எல்லாம் அளவுப்படி இருக்க வேண்டும். தம்பியாருக்குக் கற்பனை. ஒருநாள் சேவையரின் அளவான என்ஜின் மறுபக்கம் போய்த் திரும்பியபோது, தம்பியார் அதில் மணிக்கூட்டுச் சில்லுகளையும் ஒரு வளைந்த புகைபோக்கியையும் ஒட்டி அனுப்பியிருந்தார். சேவையர் அவற்றைத் திருப்புளியால் கிண்டிக் கழற்றிப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பினார். அதோடு கதை பேச்சு நின்றது. ஆறு வருடம். தம்பியாரின் பெயரை யாரும் எடுத்தால் சேவையர் எழும்பிப் போய்விடுவாராம்.

அப்படிப்பட்டவர் மட்டும் வெறுங்கையோடு என்னிடம் வந்து ஸ்டீம்பங்க் என்ஜின் ஒன்று வேண்டும் என்றார். எப்படி வேண்டும் என்று கேட்டேன். தலைவாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு உது பிடிக்காது. பிடிக்காத மாதிரியே செய்து தாரும்."

எண்பத்தைந்தாவது குமிழ்

நான் வேலையை முடிக்க முந்தித் தம்பியாரைப் பிள்ளைகள் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டின் அந்தப் பாதி பூட்டிக் கிடந்தது. சேவையர் என்ஜினை வாங்கித் தண்டவாளத்தில் வைத்தார். அது ஓட்டைக்குள் போனது. பூட்டிய அறையை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது. அதன்பிறகு தினமும் பின்னேரத் தேத்தண்ணி குடித்ததும் அதை ஒருமுறை ஓட விடுவார்.

மாதம் ஒரு சனிக்கிழமை நான் போய் எண்ணெய் விட்டுத் துடைப்பேன். கொதிகலனைச் சுற்றிக் குண்டூசித் தலையளவில் குமிழாணிகள் ஒட்டியிருக்கிறேன். அவை கழன்று விழுகிறவை. ஆகையால் துடைக்கும்போது எண்ணுவேன். நான் கொடுத்தபோது எண்பத்து நான்கு. மூன்றாம் மாதம் எண்ணினால் எண்பத்தைந்து. கண் பிழை என்று நினைத்துத் திரும்ப எண்ணினேன். எண்பத்தைந்துதான். அடுத்த மாதம் எண்பத்தாறு. அதற்கடுத்த மாதம் குமிழ் கூடவில்லை, நெல்மணியளவில் ஒரு அழுத்தமானி முளைத்திருந்தது. உள்ளே கடதாசியில் முள்ளும் எழுத்தும் கீறியிருந்தது.

கூச்சத்தை விட்டுக் கேட்டேன், "ஐயா, நீங்கள் ஏதும் ஒட்டினீங்களோ?" அவரோ ஒட்டுவது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். இருவரும் ஒரே நேரத்தில் சுவர் ஓட்டையைப் பார்த்தோம். அதற்குள் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சேவையர் மெல்லச் சொன்னார்: "அந்தப் பக்கம் பூட்டித்தானே கிடக்கு. நீர் எண்ணெயை விடும்."

ஒரு நாள் முந்தி

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. மாதம் ஒன்று கூடும். நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. ஒரு மாதம் சனிக்கிழமை எனக்குக் கண் கிளினிக் இருந்தபடியால் வெள்ளிக்கிழமையே போனேன். சேவையர் தேத்தண்ணி குடித்துவிட்டு என்ஜினை விட்டார். அது ஓட்டைக்குள் போனது. வழமையாக நான் ஒரு வெற்றிலை மடித்து வாயில் வைக்கமுன் திரும்பி வந்துவிடும். அன்றைக்கு வெற்றிலையை மென்று முடித்தும் வரவில்லை.

தண்டவாளத்தில் கை வைத்துப் பார்த்தேன். ஓடுகிற ரயில் இருந்தால் விரலுக்குத் தெரியும். ஒன்றும் இல்லை. நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சேவையர் மேசை விளிம்பைப் பிடித்தபடி இருந்தார். போய்ப் பார்ப்போமா என்று கேட்க வாய் எடுத்தேன், அவர் கையை உயர்த்தி மறித்தார். பிறகு விரலுக்கு அதிர்வு தெரிந்தது. என்ஜின் மெதுவாக வெளியே வந்து எங்கள் முன்னால் நின்றது. பசை மணம் இன்னும் போகவில்லை. சேவையர் அதைத் தொடவில்லை. பூதக்கண்ணாடியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "எண்ணிப் பாரும்."

மற்றப் படலை

தம்பியாரின் பாதிக்கு உள்ளே போகும் படலை பின்பக்கச் சின்ன ஒழுங்கையில் இருக்கிறது. அடுத்த மாதமும் வெள்ளிக்கிழமை பார்த்துப் போய், அந்த ஒழுங்கையால் சைக்கிளை உருட்டினேன். படலை திறந்திருந்தது. கதவும் திறந்திருந்தது. உள்ளே கதிரை, அலுமாரி எல்லாம் சீலை போர்த்தித் தூசி படிந்து கிடக்க, தண்டவாளம் மட்டும் துடைத்துத் துலக்கின மாதிரி மினுங்கியது. பக்கத்தில் ஒரு பெண் நிலத்தில் இருந்தாள், கையில் தும்புத்தடி. அந்த வீட்டைக் கூட்டித் துடைக்கிற தவமணி. நான் வாசற்படியில் ஒரு அடி பின்னுக்கு வைத்ததைக் கண்டுவிட்டாள்.

"பயந்திட்டியளே அண்ணை? பேயெண்டால் ஏன் கூட்டுறன், நல்லாய்ப் படுத்துக் கிடக்க மாட்டனே?"

அவள் சொன்னது இதுதான். அந்த என்ஜின் முதல் நாள் ஓட்டைக்குள்ளால் வந்ததை அவள் தொலைபேசியில் படம் பிடித்துக் கனடாவுக்கு அனுப்பியிருக்கிறாள். தம்பியார் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாராம். பிறகு அங்கே நிலக்கீழ் அறையில் இருந்து சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பிஸ்கற் பெட்டி நிறையக் கொடுத்துவிட்டார். மாதம் ஒருக்கா கூட்ட வருகிற வெள்ளிக்கிழமை ரயில் வந்தால் பிடித்து ஒன்றை ஒட்டிவிடு, அண்ணைக்குச் சொல்லாதே என்பது கட்டளை.

"அவர் இப்ப சுகமாய் இருக்கிறாரோ?" என்று கேட்டேன்.

"போன மாசி மோசம் போயிட்டார் அண்ணை. அங்கைதான் எரிச்சது. சேவையருக்கு ஆர் சொல்லுறது? பேரைக் கேட்டாலே எழும்பிப் போற மனுசன்."

அப்படியானால் மாசிக்குப் பிறகு நான் எண்ணியவை எல்லாம் செத்தவர் அனுப்பியவை. ஏன் இன்னும் ஒட்டுகிறாய் என்று கேட்டேன். அவள் அதைக் கேள்வியாகவே எடுக்கவில்லை. "நிப்பாட்டச் சொல்லி அவர் சொல்லேல்லையே."

வைகாசிக் குழாய்

பெட்டியை வாங்கிப் பார்த்தேன். ஏழு துண்டுகள் மிச்சம் இருந்தன. ஒவ்வொரு மாதமும் தவறாமல் ஒட்டினாயா என்று கேட்டேன். ஒரு மாதம் தவறிவிட்டது என்றாள். இந்த வைகாசியில் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு வவுனியாவுக்குப் போய் மாதம் முழுக்க அங்கேதான் நின்றாளாம்.

வைகாசியில் புகைபோக்கிக்குப் பின்னால் செப்புக் குழாய் ஒன்று கூடியிருந்தது. நானே துடைத்தேன். அதைச் சொன்னேன். தவமணி தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறு ஆரிடமும் இந்தப் பூட்டின் திறப்பு இருக்கிறதா என்று கேட்டேன். அவள் இடுப்பில் செருகியிருந்த திறப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அதை என்னட்டைக் கேக்காதையுங்கோ அண்ணை. இது வவுனியாவிலை என்ரை தலைமாட்டுக்கை கிடந்தது."

என் கை

ஏழு துண்டும் ஏழு மாதத்தில் முடிந்துவிடும். எட்டாம் மாதம் என்ஜின் வெறுமனே திரும்பி வரும். சேவையர் என்னை எண்ணச் சொல்வார். நான் எண்ணிச் சொல்ல வேண்டும். தவமணியும் நானும் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தோம். நான் செய்து கொடுப்பது, அவள் ஒட்டுவது.

மாதிரிக்கு ஒரு துண்டைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. தம்பியாரின் வேலை எல்லாம் இடப்பக்கம் ஒரு மயிரளவு சரிந்திருந்தது. அந்தக் குளிரில் கை விறைத்துவிடும் என்று தவமணியிடம் சொல்வாராம். நானும் சரித்துச் செய்ய முயன்றேன். கை கேட்கவில்லை. ஐந்து தரம் செய்து, ஐந்தும் நேராக வந்தது. அவற்றில் ஒன்றைத்தான் எட்டாம் மாதம் ஒட்டினாள்.

மறுநாள் சனிக்கிழமை போனேன். சேவையர் என்னை எண்ண விடவில்லை. தானே என்ஜினை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது அவன்ரை வேலை இல்லை," என்றார்.

என்ஜினை யன்னல் திட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அவன் மோசம் போனது எனக்குத் தெரியும். பேப்பரிலை படத்தோடை போட்டிருந்தது. அண்டைக்குத் தொடங்கி முப்பத்தொரு நாள் செத்தவீட்டுத் துடக்குக் காத்தனான். பிள்ளையார் கோயில் படி மிதிக்கேல்லை. தினமும் போறவன் ஏன் வரேல்லையெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

"அப்ப ஐயா, அவர் போன பிறகும் துண்டு வந்துகொண்டு..." என்று தொடங்கினேன்.

"ஓம், வந்தது. ஒவ்வொரு முறையும் பயமாய்த்தான் இருந்தது. வராமல் விட்டால் இன்னும் பயம்."

என்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தார். அது ஓட்டைக்குள் போனது. தவமணி வராத நாள் அது, அறை பூட்டியிருந்தது. நாங்கள் இருவரும் ஓட்டையையே பார்த்துக்கொண்டு இருந்தோம். போன மாதிரியே திரும்பி வந்தது. சேவையர் அதைக் கையில் எடுத்து, என் துண்டை விரலால் தடவிப் பார்த்தார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "ஆர் செய்யிறதெண்டு எனக்குச் சொல்ல வேண்டாம். அடுத்த மாசமும் வரவேணும். ஆனால் உவ்வளவு நேராய் வேண்டாம், கொஞ்சம் இடப்பக்கம் சரியட்டும்."

நேராகச் செய்யப் பழக எனக்கு மூன்று வருடம் சென்றது; சரித்துச் செய்ய இன்னும் கை படியவில்லை, மாதா மாதம் நாலைந்து துண்டு நேராக வந்து பழுதாகிப் போகிறது.