சிதம்பரத்திலிருந்து வரும் உ

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதைத் தினமும் காலை பத்து பத்துக்குக் கிளப்பிவிட்டது ஒரே ஒரு எழுத்து. உ.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒரு லேபில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. ரத்தம், சிறுநீர், தைராய்டு, சுகர் எல்லாம் பார்க்கும் லேப். கம்ப்யூட்டர் வேலை என்றால், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான், ஏசி ஓடவில்லை என்றாலும் நான். சில வருஷங்களுக்கு முன் எங்கள் முதலாளி சிதம்பரத்தில் ஓடிக்கொண்டிருந்த வேறொரு லேபை வாங்கினார். கல்யாணத்தில் பெண்ணோடு பீரோ வருகிற மாதிரி, அந்த லேபோடு, ஃபைல்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் அவர்களுடைய கிளவுட் கணக்கும் கூடவே வந்தது. நாங்கள் ஏற்கெனவே வேறொரு கம்பெனியின் கிளவுட்டில் இருந்தோம். இரண்டும் ஒன்றோடு ஒன்று முகம் கொடுத்துப் பேசாது.

ஆனால் பேசித்தான் ஆக வேண்டும். அந்த லேபுக்கு வருபவர்களுக்குச் சோதனை நடப்பது சிதம்பரத்திலேயே. ரிப்போர்ட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் டாக்டர் உட்கார்ந்திருப்பது கடலூரில். அதனால் சிதம்பரத்தில் ஒரு அக்கா தினமும் ஸ்கேன் செய்த ரிப்போர்ட்டுகளை அந்த கிளவுட்டிலிருந்து இறக்கி, எங்கள் கிளவுட்டில் ஏற்றுவார். பதினாலு வருஷமாக அதே ஆபீஸ், அதே நாற்காலி. முதலாளி மாறியபோதும் நாற்காலி மாறவில்லை. நேரில் பார்த்ததில்லை, போனில்தான் பழக்கம்.

"நீங்க தினம் இன்னா செய்வீங்கக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னா செய்வேன், அங்கேர்ந்து எறக்கி இங்க ஏத்துவேன். அவ்ளோதாம்மா."

அவ்வளவுதானே என்று நானும் நினைத்தேன். திரையில் பெட்டி பெட்டியாக இழுத்துப் போட்டு, நடுவில் அம்புக்குறி வரைந்தால் வேலை தானாக ஓடும் டூல் ஒன்று இருக்கிறது. அப்படி வரைந்ததற்கு ஃப்ளோ என்று பெயர். அதில் முதல் பெட்டி: சிதம்பரம் ஃபோல்டரில் புது ஃபைல் விழுந்ததா பார். இரண்டாவது பெட்டி: விழுந்ததைத் தூக்கி வந்து கடலூரில் போடு. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டேன். பெருமையில் அன்று கூட ஒரு வடை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பத்து பத்துக்கு மெயில். ஃப்ளோ நின்றுவிட்டது. காரணம், காலியான ஃபைல் ஒன்று. பெயர், உ.

ஏதோ கை தவறி வந்தது என்று அழித்தேன். அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். நான்காம் நாள் போனை எடுத்தேன்.

"அக்கா, அந்த உ எதுக்கு?"

"இன்னாமா இப்பிடி கேக்குற? சுழி போடாம எப்பிடி ஆரம்பிக்கிறது?"

"அது கம்ப்யூட்டர்க்கா!"

"கம்ப்யூட்டருக்குத்தான் ஜாஸ்தி வேணும்."

தினமும் அன்றைய தேதியில் ஒரு ஃபோல்டர் திறந்து, அதில் முதல் காரியமாக உ என்று பெயர் வைத்த ஒரு வெற்று ஃபைலைப் போடுவாராம். அதற்குப் பிறகுதான் ஸ்கேனரையே ஆன் செய்வாராம். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். ஆனால் என் மேசையில் இருந்த புது நோட்டின் முதல் பக்கத்தில், மேலே நடுவில், நான் போட்ட குட்டிச் சிலுவை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து மேசை பாய் எந்தத் தாளில் எழுத ஆரம்பித்தாலும் 786 போடுவார். யார் யாரைச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு, உ என்று வந்தால் தாண்டிப் போ என்று ஃப்ளோவில் ஒரு பெட்டியைச் சேர்த்தேன்.

ஃப்ளோ வழுக்கிக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்து மேனேஜருக்கு ஒரே சந்தோஷம்.

"அப்ப அங்க அந்தம்மா எதுக்கு?" என்றார். "ஒரு மாசம் பாப்போம். கை படாம ஓடுச்சின்னா அந்த போஸ்ட்ட எடுத்துடலாம்."

அன்று பெருமையில் தின்ற வடை நினைவுக்கு வந்தது. நான் கேட்ட கேள்வியை வைத்து, அக்கா சொன்ன பதிலை வைத்து, அக்கா வேலைக்கே உலை வைத்திருக்கிறேன். யாராவது சொல்லித் தெரிவதைவிட நானே சொல்வது மேல் என்று அவருக்குப் போன் செய்தேன்.

"வேற வேல தெரியாதுன்னு இல்லமா," என்றார். "இந்த வயசுல எவன் கூப்ட்டு இன்டர்வியூ வெப்பான்?"

அவர் என்னைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

இரண்டாவது வாரம் டாக்டர் என் மேசைக்கே வந்துவிட்டார். ஒரு ரிப்போர்ட்டில் முதல் பக்கம் மட்டும் இருந்தது. இன்னொன்றில் முதல் பக்கம் ஒருவருடையது, இரண்டாவது பக்கம் வேறொருவருடையது. மூன்றாவது தலைகீழ். "இவ்ளோ நாளா இப்பிடி வந்ததே இல்லியே, இன்னா ஆச்சு?" என்றார். நல்லவேளை, கையெழுத்துப் போடுவதற்கு முன் பார்த்துவிட்டார்.

என் ஃப்ளோவில் தப்பு இருக்காது என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். அதை நிரூபிக்கவே மறுநாள் சிதம்பரம் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டும்வரை மனதுக்குள் வாதாடிக்கொண்டே போனேன்.

போனில் கேட்ட குரலுக்கு நான் மனதில் வைத்திருந்த ஆள் வேறு. நேரில் அக்கா ஒடிசலாக, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தார். "வா வா, சாப்ட்டியா?" என்றார். வேலையைப் பறிக்க வந்தவளுக்கு வரவேற்பு.

"நான் ஃப்ளோவ நிறுத்திட்டேன்க்கா. பழையபடி நீங்களே அனுப்புங்க, நான் பாக்குறேன்," என்று பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

உ போட்டார். ஸ்கேனரை ஆன் செய்தார். ரிப்போர்ட்டுகள் விழ ஆரம்பித்தன. ஒவ்வொன்றையும் திறந்தார். எத்தனை பக்கம் என்று எண்ணினார். எல்லாப் பக்கத்திலும் ஒரே பெயர்தானா என்று விரலை வைத்துப் பார்த்தார். தலைகீழாக இருந்ததைத் திருப்பினார். ஒன்றில் இரண்டாவது பக்கம் இல்லை. எழுந்துபோய் மிஷின் மேல் கிடந்த தாளை எடுத்து வந்து மறுபடி ஸ்கேன் செய்தார். கடைசியில்தான் இறக்கி ஏற்றினார். ஏற்றுவதற்கு ஆனது ஐந்து நிமிஷம். அதற்கு முன்னால் போனது இரண்டு மணி நேரம்.

"இதெல்லாம் யாருக்கா உங்கள செய்யச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. தப்பா போச்சின்னா யாரு ஏச்சு வாங்குறது?"

"அப்ப எறக்கி ஏத்துவேன்னு மட்டும் ஏன் சொன்னீங்க?"

"இதையெல்லாம் போயி வேலன்னு சொல்லுவாங்களா?"

எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. ஸ்கேனரிலிருந்து விழுந்த நொடியே என் ஃப்ளோ ரிப்போர்ட்டை அள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறது. அவர் கண்ணாடியைப் போடுவதற்குள் அது கடலூர் சேர்ந்திருக்கும். போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டு, அதைப் பெரிய ஆராய்ச்சி என்று நினைத்த ஆள் நான்.

அங்கேயே லேப்டாப்பைத் திறந்தேன். தாண்டிப் போ என்ற பெட்டியை எடுத்தேன். முதல் பெட்டியை மாற்றினேன்: உ வந்ததா பார். வந்தால் மட்டும் கிளம்பு. வராதவரை ஒரு ஃபைலையும் தொடாதே.

"அக்கா, இனிமே எல்லாத்தையும் பாத்து முடிச்சிட்டுக் கடைசியா உ போடுங்க. போட்டதும் தானா எல்லாம் கடலூர் வந்துடும்."

அவருக்கு முகம் மாறிவிட்டது. "கடைசில போட்டா அது சுழியா? நான் போட மாட்டேம்மா."

வேலை போகிறது என்றபோதுகூட இவ்வளவு கண்டிப்பாகப் பேசவில்லை. எனக்கும் மூக்கு நுனி சூடானது. அரைமணி நேரம் இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னதையே சொன்னோம். கடைசியில் டீ வந்தது. பாதி டீயில் அவரே கேட்டார்:

"பயணம் எப்ப ஆரம்பிக்குது? நான் பாக்குறப்பவா, அது கெளம்புறப்பவா?"

"கெளம்புறப்பக்கா."

"அப்ப நான் பாக்குறது மூட்ட கட்டுற மாதிரி. மூட்ட கட்டி முடிச்சப்புறம் சுழி. கெளம்புறதுக்கு முன்னாடி. அப்ப சரி."

மாசம் முடிந்தது. மூன்றாவது, நான்காவது வாரங்களில் ஒரு பக்கம்கூடத் தப்பாக வரவில்லை. மேனேஜர் என் திரையைப் பார்த்துவிட்டு, முதல் பெட்டியில் விரலை வைத்தார்.

"இந்த உ-வையும் தானா போட வெக்க முடியாதா?"

முடியும். இரண்டு நிமிஷ வேலை. அவருக்கும் அது தெரியாமல் இல்லை.

"போட வெக்கலாம் சார். பாத்துட்டுப் போட வெக்க முடியாது."

மேனேஜர் டாக்டரின் ரூமை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "சரி, இருக்கட்டும்," என்று போய்விட்டார். உடனே சிதம்பரத்துக்குப் போன் போட்டேன்.

"அக்கா, உங்க சீட்டு அப்பிடியேதான்."

பெரிதாகச் சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நான் ஒருநாள் லீவு போட்டா இன்னா ஆவும்மா?"

"நின்னுடும்க்கா. நீங்க வர்ற வரைக்கும் ஒரு ஃபைலும் நகராது."



"பதினாலு வருஷமா லீவு லெட்டர் குடுத்தா, 'அதுக்கின்னா, போயிட்டு வா'ன்னுதான் சொல்லுவாங்க," என்றார். குரல் கொஞ்சம் பிசிறியது. பிறகு சட்டென்று சரியாகிவிட்டது. "சரி, போன வை. இன்னும் நாலு ரிப்போர்ட்டு பாக்கணும்."

வைத்தேன். என் மேசை வேலை ஒன்றும் ஓடவில்லை. கடலூரில் டாக்டரும் நானும் காத்திருந்தோம். பன்னிரண்டே காலுக்கு உ வந்தது.